உலா வந்தவரும் சுற்றுலாப் போகிறவரும்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு உலா என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆடிப்பூரம் வந்தால் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் வீதி உலா வருவார்கள். ஊர் தன் வாசலில் கோலம் போட்டுவிட்டு நின்று பார்க்கும். அங்கிருந்து சிறு தொலைவில் இருக்கும் ராஜபாளையத்தில், சாரல் தொடங்கியதும் ஒரு வேன் பிடித்து, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, சேத்தூர், சிவகிரி, புளியங்குடி, தென்காசி வழியாகக் குற்றாலம் போவது சுற்றுலா. பேச்சில் அந்தச் சொல் வராது. "டூர் போறோம்" என்பார்கள், அல்லது "குத்தாலத்துக்குக் குளிக்கப் போறோம்" என்பார்கள். எழுத்தில்தான் சுற்றுலா.

இரண்டிலும் இருப்பது ஒரே உலா. ஆனால் முதலாவதில் பார்க்கப்படுகிறவர் நகர்கிறார், பார்க்கிறவர் நிற்கிறார். இரண்டாவதில் பார்க்கிறவர் அலைகிறார், பார்க்கப்படுவது கல்லாய் நிற்கிறது. இந்தச் சொல்லின் வரலாறே அந்தத் தலைகீழ் மாற்றம்தான் என்பது என் எண்ணம்.

தமிழில் உலா ஒரு சிற்றிலக்கிய வகை. சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கைலாய ஞான உலா முதலில் தோன்றியதால் அதற்கு ஆதியுலா என்றும் பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் மீதும் பாடியது மூவருலா. இலக்கணம் எளிது: அரசன் அரண்மனையை விட்டு வெளியே வருவான், யானையோ குதிரையோ தேரோ ஏறி வீதியில் போவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்கள் அவனைக் கண்டு மயங்குவார்கள். பேதைக்கு வயது ஐந்தாறு என்கிறபோது இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். குற்றாலக் குறவஞ்சியும் குற்றாலநாதர் பவனி வருவதில்தான் தொடங்குகிறது. வசந்தவல்லி பார்த்துவிட்டு உருகுகிறாள். அரண்மனைக்குள் போய்ப் பார்க்கும் உரிமை குடிமக்களுக்கு இல்லாத காலம் அது. அரசன் வெளியே வரும் நாளே அவர்களுக்குக் காட்சி நாள்.

'சுற்று' தனிக் கதை. அதிகாரிகளும் தலைவர்களும் ஊர் ஊராகப் போவது சுற்றுப்பயணம். இன்றும் அமைச்சர் சுற்றுலா வந்தார் என்று எந்தச் செய்தித்தாளும் எழுதாது, எழுதினால் அது கேலி. ஏ.கே. செட்டியார் தம் பயண நூலுக்கு 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர் வைத்தபோது, சுற்றுவது சாதாரண மனிதனின் வேலையும் ஆகிவிட்டது. சுற்றும் உலா, சுற்றிய உலா என்று எப்படி விரித்தாலும் பொருந்துகிற வினைத்தொகை 'சுற்றுலா'. 1971இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது சொல்லுக்கு அரசு முத்திரையும் விழுந்தது.

போட்டிக்கு ஒரு சொல் இருந்தது: உல்லாசப் பயணம். இலங்கையில் உல்லாசப் பயணி என்பது இன்றும் மதிப்பான சொல். தமிழ்நாட்டிலோ குற்றச் செய்திகள் உல்லாசத்தைக் கெடுத்துவிட்டன. "விடுதியில் உல்லாசமாக இருந்தனர்" என்று படித்துப் பழகிய கண், உல்லாசப் பயணம் என்ற பலகையைக் கண்டால் வேறு எதையோ நினைக்கும். உல்லாசம் வடசொல், உலாவுக்கு உறவில்லை, ஓசைதான் ஏமாற்றுகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஊர் பார்க்கப் போவதை "உலாத்தப் போறம்" என்கிறார்கள். நம் பக்கம் உலாத்துவது என்றால் மொட்டைமாடியில் இப்படியும் அப்படியும் நடப்பது மட்டும்தான்.

இனி அரண்மனைக்கு வருவோம். மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு மகால் உண்டு. இப்போது அது தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆண்டாளுக்கு உச்சிக்கால பூஜை முடிந்த செய்தி, வழிநெடுக இருந்த மணி மண்டபங்கள் மூலம் மதுரைக்கு எட்டிய பிறகே அவர் சாப்பிட உட்கார்ந்தார் என்று ஊரில் சொல்வார்கள். கட்டபொம்மனையும் திருச்செந்தூரையும் வைத்து இதே கதை நெல்லைப் பக்கம் நடமாடுகிறது; கதைகளும் சுற்றுலாப் போகின்றன போலும்.

மதுரை மகாலுக்கு வேறு வாழ்வு. பேரனான சொக்கநாத நாயக்கர் அதில் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். எஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பழுது பார்த்தார். பிறகு நெடுங்காலம் அங்கே நீதிமன்றம் நடந்தது. நாயக்கர் காலத்தில் அழைத்தால்தான் உள்ளே போகலாம். நீதிமன்றக் காலத்தில் சம்மன் வந்தால் போகலாம். இப்போது டிக்கெட் எடுத்தால் போகலாம். ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாத அந்தத் தூண்களின் சுண்ணாம்புப் பூச்சில், ஆள் உயரம் வரை பெயர்களைக் கீறியிருக்கிறார்கள்: சாவியால், ஆணியால், இதயமும் அம்புமாக. பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும் உலா இலக்கியத்தில் பெயரே இல்லாமல் வீதியில் நின்ற கூட்டம், உள்ளே வந்ததும் செய்த முதல் காரியம் பெயர் எழுதுவதாக இருக்கிறது.

சொல் இப்போது முன்னொட்டுகளோடு பெருகுகிறது. பள்ளிகளில் இன்பச் சுற்றுலா கல்விச் சுற்றுலா ஆனது. ஆண்டாள் கோவிலைப் பார்த்துப் பால்கோவா வாங்கித் திரும்புவது ஆன்மிகச் சுற்றுலா. செண்பகத்தோப்புப் பக்கம் மலையேறுகிறவர்கள் சூழல் சுற்றுலா என்கிறார்கள்.

பழைய பொருளை விடாமல் வைத்திருக்கும் ஒரே இடம் அரசாங்கம். சர்க்யூட் ஹவுஸுக்கு அது வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் 'சுற்றுலா மாளிகை'. பெயரை நம்பி, பெட்டியும் பிள்ளைகளுமாக எந்தச் சுற்றுலாப் பயணியாவது போய் அறை கேட்டால் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். அது அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் உலா வரும்போது தங்குகிற இடம்.