வீட்டுல இருந்த ஒரே கம்ப்யூட்டர்

இந்த எபிசோட் தொண்டாமுத்தூர்ல எங்க வீட்டுத் திண்ணையில் தொடங்குது. 2012, ஐப்பசி மாசம், ராத்திரி எட்டு மணி. கரண்ட் இல்லை. அந்த வருஷத்தை கோயம்புத்தூர்க்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. சென்னையில் 2 மணி நேரம் மின்வெட்டு என்றால் எங்க பக்கத்துக் கிராமங்களில் 12 மணி நேரத்துக்கு மேல். வாழைக்குத் தண்ணி விட மோட்டார் ஓடாது. பீளமேடு, கணபதி பக்கம் லேத் பட்டறைக்காரங்க கரண்ட் வர்ற நேரம் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிட்டாங்க.

அந்தத் திண்ணையில் ரெண்டு ஸ்கிரீன் வெளிச்சம். ஒண்ணு எங்க சித்தப்பாவோட 10 இன்ச் நெட்புக். இன்னொண்ணு, ப்ளஸ் டூ படிச்சிட்டிருந்த அக்காவுக்கு அரசு கொடுத்த 14 இன்ச் லேப்டாப். நான் அப்போ பத்தாம் வகுப்பு. எனக்கு ஆசை எல்லாம் அந்தக் குட்டி மேலதான். ரெக்கார்டு நோட்டு மாதிரி கக்கத்தில் வெச்சுட்டுப் போகலாம். அக்காவோடது ரெண்டு கிலோவுக்கு மேல. அதைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினால் ஊருக்குக் கிளம்பின மாதிரி இருக்கும்.

ஒரு கட்டத்தில் இந்த ரெண்டில் எதை வெச்சுக்கறது, எதை விக்கறது என்று வீட்டில் பேச்சு வந்தது. அதுக்குப் போறதுக்கு முன்னாடி, இந்தக் குட்டி லேப்டாப் எங்கிருந்து வந்தது என்று பார்த்துடலாம்.

2007 அக்டோபரில் தைவானின் ஆசுஸ் கம்பெனி 'ஈ பிசி 701' என்ற மாடலை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 7 இன்ச் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி ஃபிளாஷ் மெமரி, உள்ளே லினக்ஸ். எடை 920 கிராம். அதுவரைக்கும் ஒரு கிலோவுக்குக் கீழே லேப்டாப் என்றால் அது பெரிய கம்பெனி எம்.டி. கையில் இருக்கிற சமாச்சாரம். சின்னதா செய்யணும்னா விலை ஏறும், அதுதான் கணக்கு. ஆசுஸ் அதைத் திருப்பிப் போட்டது. சின்னது, அதனாலேயே மலிவு. 199 டாலருக்குத் தர்றோம்னு முதலில் சொன்னாங்க, கடைக்கு வந்தப்போ அமெரிக்காவில் அந்த 4 ஜிபி மாடல் 399 டாலர். அப்படியும் நல்லா வித்துச்சு.

2008ல் இன்டெல் இந்த வகைக்குன்னே ஆட்டம் என்ற சிப்பைக் கொண்டு வந்தது. நெட்புக்குகளில் அதிகமா உட்கார்ந்த என்270 சிப்புக்கு 2.5 வாட்தான் கணக்கு. மின்சாரம் கம்மி, சூடு கம்மி. எப்படிக் கம்மி பண்ணினாங்க? சாதாரண சிப், வரிசையில் ஒரு வேலை மாட்டிக்கிட்டால் பின்னால நிக்கிற வேலையை முன்னால கூப்பிட்டுக்கும். அந்தக் காலத்து ஆட்டத்துக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. ரேஷன் கடையில் முன்னாடி நிக்கிறவர் கார்டைத் தேடினால் பின்னாடி இருக்கிற எல்லாரும் நிக்கணும் இல்லையா, அதேதான். 1.6 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டி மேல போட்டிருக்கும். பக்கத்தில் அதே 1.6 போட்ட இன்னொரு லேப்டாப்பை வெச்சுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் சுவாரசியம். விஸ்டா இந்த மெஷின்களுக்குத் தாங்காது. லினக்ஸ் இடத்தைப் பிடிச்சுடுமோன்னு பயம் வேற. அதனால் விற்பனையை நிறுத்த இருந்த எக்ஸ்பியை இந்தக் குட்டிகளுக்கு மட்டும் 2008ல் நீட்டிச்சாங்க, மலிவு விலையில். ஆனால் ஒரு நிபந்தனை: ரேம் 1 ஜிபி தாண்டக் கூடாது, திரைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் உச்சவரம்பு. அதாவது மலிவா இருக்கணும்னா சின்னதாவே இரு, வளராதே. பின்னாடி வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் வால்பேப்பரைக்கூட மாத்த முடியாது. இதில் எந்த டெக்னிக்கல் காரணமும் இல்லை. நீ வாங்கினது மலிவுன்னு தினமும் ஞாபகப்படுத்துற ஏற்பாடு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு இதில் கோபம் உண்டு.

எங்க சித்தப்பா ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் சேல்ஸ் ரெப். 2009ல் கிராஸ்கட் ரோட்டில் ஒரு நெட்புக் வாங்கினார். பைக் டேங்க் கவரில் வெச்சுட்டு பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம்னு சுத்துவார். டீக்கடை பெஞ்சில் திறப்பார், டாங்கிளைச் சொருகி ஆர்டரை மெயிலில் அனுப்பிட்டு மூடிடுவார். அவருக்கு அது கச்சிதமான மெஷின். ஏன்னா எக்செல்லில் பெரிய வேலை எல்லாம் பார்க்க அவர் ஆபீஸில் ஒரு டெஸ்க்டாப் இருந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஏழைக்கு ஒரு மலிவு கம்ப்யூட்டர் என்ற யோசனை ஆசுஸுக்கு முன்னாடியே நம்ம பக்கத்திலேயே இருந்தது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் கம்பெனிக்காரங்களும் சேர்ந்து உருவாக்கின சிம்ப்யூட்டர், 2001ல் வெளியே வந்தது. கையடக்கம், லினக்ஸ், இந்திய மொழிகளில் வாசிச்சுக் காட்டும் வசதி, ஒரே கருவியைப் பல பேர் மாத்தி மாத்திப் பயன்படுத்த ஸ்மார்ட் கார்டு. 2004ல் அமிடா என்ற பெயரில் சுமார் 10,000 ரூபாயில் கடைக்கு வந்தது. சாய்ச்சால் பக்கம் திரும்பும், ஐபோனுக்கு மூணு வருஷம் முன்னாடி! ஆனால் விற்பனை சில ஆயிரங்களோடு நின்னுடுச்சு. கீபோர்டு இல்லாத அந்தக் கருவியில் பெரிய எழுத்து வேலை செய்யறது சுலபம் இல்லை. அந்தக் காசுக்கு செல்ஃபோன் வாங்கினால் பேசவாவது செய்யலாம்.

2005ல் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 100 டாலர் லேப்டாப்பை அறிவிச்சார். குழந்தைக்கு ஒரு லேப்டாப். கரண்ட் இல்லாத ஊருக்காக, கையால சுத்தி சார்ஜ் ஏத்தற கைப்பிடி வெச்ச மாடலை டூனிஸ் மாநாட்டில் காட்டினாங்க. ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அனான் சுத்திப் பார்த்தப்போ கைப்பிடி கையோட வந்துடுச்சு. கடைசியில் வந்த எக்ஸ்ஓ லேப்டாப்பில் வெயிலிலும் படிக்கிற மாதிரி அருமையான திரை இருந்தது, கைப்பிடி இல்லை. விலையும் 200 டாலரை ஒட்டி வந்துடுச்சு. 2006ல் இந்திய மனிதவள அமைச்சகம் இது வேண்டாம் என்று சொல்லிடுச்சு. வகுப்பறையும் வாத்தியாரும்தான் முதல் தேவை என்பது அவங்க வாதம்.

இப்போ 2011க்கு வர்றேன். அந்த வருஷம் சட்டமன்றத் தேர்தல். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வாக்குறுதிகளோடு அதிமுக லேப்டாப்பையும் சேர்த்தது. ஜெயிச்சு வந்த பிறகு போட்ட பட்ஜெட்டில் முதல் வருஷம் 9.12 லட்சம் பேருக்கு 912 கோடி ரூபாய். செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வெச்சார். சரியா 20 நாள் கழிச்சு, அக்டோபர் 5, டெல்லியில் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார். உலகத்திலேயே மலிவு, 35 டாலர் என்று பேச்சு.

மூணு வாரத்துக்குள்ள ரெண்டு அரசுகள், ஒரே கேள்விக்கு ரெண்டு பதில். ஆகாஷில் 7 இன்ச் திரை, விரலை அழுத்தித் தேய்ச்சால்தான் கேட்கும். 366 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ரேம். எல்காட் டெண்டர் விட்டு வாங்கினதில் 14 இன்ச் திரை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், முழு அளவு கீபோர்டு, விண்டோஸோடு சேர்த்து சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ். அப்போ நெட்புக் அலை இன்னும் ஓயலை. பத்து இன்ச் ஆட்டம் மெஷினை வாங்கிக் கொடுத்து, 'அதுவும் லேப்டாப்தானே' என்று கணக்கை முடிச்சிருக்கலாம். முடிக்கலை. இலவசத்தைப் பத்தி என்ன வேணாலும் விமர்சனம் பண்ணுங்க, நானே பண்ணுவேன். இந்த ஒரு முடிவு சரியான முடிவு. எனக்கு இது எப்படித் தெரியும்னா, எங்க வீட்டில் ஒரு வாரம் சோதனையே நடந்தது.

2013 கோடை. அக்காவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருச்சு. எங்க வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் டியூஷன் ஃபீஸ் சலுகை உண்டு, ஆனால் ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் கட்டணும். மோட்டார் ஓடாம அந்த வருஷம் வாழை போச்சு. காந்திபுரத்தில் ஒருத்தர் அரசு லேப்டாப்பை 8,000 ரூபாய்க்கு எடுக்கறதா சித்தப்பா கேள்விப்பட்டு வந்தார். விக்கக் கூடாதுதான். ஆனால் பல ஊரில் வித்தாங்க, அதை மறைச்சுப் பிரயோஜனம் இல்லை.

"அண்ணா, என்றது பழசு, ஆயிரத்தி ஐநூறுக்குக்கூட எவனும் எடுக்க மாட்டான். அத கண்ணு வெச்சுக்கட்டும், பெருச குடுத்துருங்க" என்றார் சித்தப்பா. நல்ல மனசோடதான் சொன்னார். எனக்கோ உள்ளுக்குள்ள குஷி. லீவுக்கு வர்றப்போ குட்டி நம்ம கைக்கு வந்துடும்.

ஒரு வாரம் பார்த்துட்டுச் சொல்றேன் என்று அக்கா நெட்புக்கை எடுத்து உட்கார்ந்துச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த முதல் வருஷ சாஃப்ட்வேர் சிடியைக் காப்பி பண்ணி வெச்சிருந்தது. நெட்புக் திரை 1024க்கு 600 பிக்ஸல். பெரும்பாலான புரோகிராம் 768 உயரம் இருக்கும்னு நம்பி எழுதினது. இன்ஸ்டால் விண்டோ வருது, கீழே இருக்கிற 'நெக்ஸ்ட்' பட்டன் திரைக்கு வெளியே எங்கேயோ இருக்கு. டேப் கீயை எண்ணி அழுத்திட்டு குத்துமதிப்பா என்டர் தட்டணும். ஆட்டோகேட் திறந்தால் டூல்பார் போக வரையறதுக்கு ரெண்டு விரல் அகலம் மிச்சம். டர்போ சி மட்டும் ஜம்முனு ஓடுச்சு, அது கல்லில்கூட ஓடும். கீபோர்டில் அரைப்புள்ளிக்குப் பதிலா பக்கத்து கீ விழும். மூணு வருஷப் பழைய பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும், அந்த மின்வெட்டில் அது எந்த மூலைக்கு?

ஏழாவது நாள் அக்கா சொன்னது இது. "அப்பா, இதுல பாதிதானுங்க தெரியுது. மீதிய நானே நெனச்சுக்க வேண்டியிருக்குது. எனக்கு இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தா இது போதுமுங்க."

அப்பா கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "அப்பறம் என்ன சாமி, அது கெடக்கட்டும். கெடேரிய சந்தைக்கு ஓட்டிக்கலாம்" என்றார். ஓட்டினார். அந்தக் கெடேரி இல்லாம ரெண்டு வருஷம் எங்க வீட்டில் பால் கடையில்தான் வாங்கினோம்.

நெட்புக்கை உலகம் முழுக்க ரசிச்சது பெரும்பாலும் சித்தப்பா மாதிரி ஆளுங்க, வீட்டிலோ ஆபீஸிலோ ஒரு பெரிய மெஷின் இருக்கிறவங்க. வெட்டப்பட்ட பாகம் எல்லாம் அவங்களுக்கு இன்னொரு மேஜையில் இருந்தது. 2010ல் ஐபேட் வந்ததும் அந்த ரெண்டாவது மெஷின் இடம் டேப்லெட்டுக்குப் போயிடுச்சு. 2013 பிறக்கிறப்போ ஆசுஸும் ஏசரும் நெட்புக்கை நிறுத்தியாச்சு. எங்க திண்ணையில் இருந்தது முதல் மெஷின். அதுவேதான் கடைசி மெஷினும்.

அரசு லேப்டாப்பில் குறையே இல்லைன்னு சொல்ல வரலை. அந்த ஸ்டார்ட்டர் விண்டோஸில் நாலு வருஷமும் ஒரே வால்பேப்பர். எடை சொன்னேன். இணையம் தனியா நாமே பார்த்துக்கணும். அக்கா லீவுக்கு வர்றப்போ நான் பாஸ் லினக்ஸில் நுழைஞ்சு, டெர்மினலில் ஜிசிசி ஓட்டிப் பார்த்தேன். இன்னைக்கு நான் சம்பளம் வாங்குற வேலைக்கு அதுதான் முதல் நாள். அக்கா இப்போ டெஸ்டிங் டீம் லீட். பட்டன் திரைக்கு வெளியே போனால் பக் எழுதாம விடாது.

2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட், 2,000 கோடி ஒதுக்கீடு என்று அறிவிச்சாங்க. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 10,000. அந்தக் காசுக்கு என்ன தரத்தில் கிடைக்கும்னு சட்டசபையில் கேள்வி வந்தது. 2,000 கோடி முதல் 10 லட்சம் பேருக்குத்தான், அதாவது தலைக்கு 20,000 என்று அரசு பதில் சொன்னது. அந்தச் செய்தியில் எல்லாரும் ரூபாயைப் பார்த்தாங்க. நான் 'அல்லது' என்ற வார்த்தையில் நின்னுட்டேன். டேப்லெட்டை நீட்டினால், அந்தப் பையன் வீட்டில் வேற கம்ப்யூட்டர் இருக்கான்னு யாராவது கேட்டுட்டு நீட்டணும்.

அக்காவோட லேப்டாப் இன்னும் தொண்டாமுத்தூர் வீட்டுப் பரண்மேல இருக்கு. உங்க வீட்டிலும் ஒண்ணு இருந்தால் இறக்கிப் பாருங்க. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் மட்டும் போட்டுடாதீங்க. எந்த வருஷத்து மெஷின், அதில் என்ன கத்துக்கிட்டீங்க, இல்லை வித்துட்டீங்களா, எதுவா இருந்தாலும் எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பேசுவோம்.