தலைவர் இருவரிடையே ஒரு கம்பி

நாட்டுத் தலைவர் இருவர் ஒருவரோடொருவர் பேசுதல் எளிய காரியம் என்றே நேயர்கள் எண்ணக்கூடும். 1962ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அஃது எளிதாயிருக்கவில்லை. கியூபாத் தீவிலே சோவியத் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டிருந்த வேளை அது. 26ஆந் திகதி குருச்சேவ் கென்னடிக்கு எழுதிய நீண்ட கடிதம், மொஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்திற் கையளிக்கப்பட்டு, மொழிபெயர்க்கப்பட்டு, வாஷிங்டனை முழுமையாக அடைய ஏறத்தாழ 12 மணித்தியாலஞ் சென்றது. வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதுவர் தொப்ரினின் பாடு இன்னும் விந்தையானது. அவருடைய இரகசியத் தந்திகளை எடுத்துச் செல்லத் தந்திக் கம்பனியின் இளைஞன் ஒருவன் சைக்கிளில் வருவானாம்! வழியில் நின்று கதையளக்காமல் அவன் நேரே போய்ச் சேரவேண்டுமே என்று தூதரகத்தார் ஏங்கியதைத் தொப்ரினின் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

27ஆந் திகதி மொஸ்கோ வானொலி மற்றொரு கடிதத்தை ஒலிபரப்பியது. துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகளும் அகலவேண்டும் என்னும் புதிய நிபந்தனை அதிலிருந்தது. உலகமே கேட்டுவிட்டபின் அதற்கு இணங்கினால் பணிந்தார் என்ற பெயர் வரும். ஆகவே கென்னடி வெளிப்படையாக முதற் கடிதத்துக்கே மறுமொழி விடுத்தார். துருக்கி விடயத்தில் அன்றிரவு தம் தம்பி றொபேட் வாயிலாகத் தொப்ரினினுக்கு இரகசியமாக உறுதியளித்தார். மறுநாள் குருச்சேவின் இணக்கமும் வானொலியிலேயே வந்தது. தந்திக்குக் காத்திருக்க அவகாசம் இல்லை.

1963 யூன் 20இல் ஜெனீவாவில் இரு நாடுகளும் நேரடித் தொடர்புக்கு உடன்பட்டன. ஓகஸ்ட் 30இல் அது இயங்கத் தொடங்கிற்று. சிவப்புத் தொலைபேசி என்று பலரும் அதனைக் கற்பனை செய்வர். அது தொலைபேசியே அன்று, தட்டச்சுத் தந்திக் கருவி. குரலிலே கோபம் ஏறும். எழுத்தோ சிந்திக்க இடந்தரும். 1967 யூனில் மத்திய கிழக்குப் போர் மூண்டபோது கொசிகின் அதன் வழியாகவே ஜோன்சனை அணுகினார்.

2010 யூன் 24இல், ருவிற்றர் நிறுவனத்தை முன்தினம் பார்த்துவந்த மெத்வெதேவை அருகில் வைத்துக்கொண்டு, இனிச் சிவப்புத் தொலைபேசிகளை எறிந்துவிடலாம் என ஒபாமா வேடிக்கையாகக் கூறினார். வேடிக்கைதான், ஆனால் ருவிற்றர் அந்தக் கம்பியின் வாரிசன்று, 27ஆந் திகதி ஒலித்த மொஸ்கோ வானொலியின் வாரிசு. 2019 யூன் 29இல் ஒசாகாவிலிருந்த ட்ரம்ப், கொரிய எல்லையிற் சந்திக்கலாம் என வடகொரியத் தலைவர் கிம்முக்கு அதிலே அழைப்பு விடுத்தார். யோசனை சுவையானதே, ஆயினும் முறையான அழைப்பெதுவும் தமக்குக் கிட்டவில்லை என வடகொரியப் பிரதி வெளிநாட்டமைச்சர் அன்றே அறிவித்தார். மறுநாள் இருவரும் பன்முன்யொமிற் சந்தித்தனர்.