குழந்தையின் பக்கத்தில் நிற்பவர்

முத்துக்குளித்துறை அடங்கிய பழைய திருநெல்வேலிச் சீமையில், குழந்தையைப் பற்றிய நீதிமன்றத்தின் அக்கறை நெடுங்காலம் சொத்தைச் சுற்றியே அமைந்திருந்தது. வயதுவராத ஜமீன் வாரிசுகளையும் அவர்களுடைய நிலங்களையும் அரசே பொறுப்பேற்று நிர்வகிக்கும் ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’ சென்னை மாகாணத்தில் 1804ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. நிலமற்ற குழந்தைக்கு அதில் இடமில்லை. காப்பாளர் நியமனத்துக்கான 1890ஆம் ஆண்டுச் சட்டம், விவரம் தெரிந்த குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கருத்தில் கொள்ள வழிவிட்டதே தவிர, அவ்விருப்பத்தைப் பொறுமையாகக் கேட்டறிந்து மன்றத்தில் எடுத்துரைக்கும் கடமையைத் தனியொருவரிடம் ஒப்படைக்கவில்லை.

இக்குறை யாரைப் பாதித்தது என்பதற்கு இச்சீமையிலேயே சான்று உண்டு. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பெருங்குளத்திலிருந்து தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடிவந்ததையும், தெய்வக் குற்றத்துக்கு அஞ்சிய தாய் அவளைத் திரும்ப ஒப்படைத்ததையும், தண்டனையாக அவள் கைகளில் சூடு போடப்பட்டதையும், 1901 மார்ச்சில் அவள் மறுபடியும் தப்பிப் பண்ணைவிளையில் தங்கியிருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேலிடம் வந்து சேர்ந்ததையும் அவருடைய எழுத்துகளிலிருந்து அறிகிறோம். இது மிஷனரி ஒருவரின் பார்வையில் எழுதப்பட்டது என்பதை மறக்கலாகாது. ஆயினும் இரண்டு முறை தப்பியோடிய குழந்தை தனக்கு வேண்டியது இன்னதென்று காலாலேயே சொல்லிவிட்டாள் என்பதில் ஐயமில்லை.

இந்தியாவில் முதலாவதான 1920ஆம் ஆண்டின் சென்னைச் சிறார் சட்டம், ஆதரவற்ற சிறாரைச் சிறைக்கு அனுப்பாமல் விடுதிப் பள்ளியிலோ தக்கவர் பொறுப்பிலோ விட வகைசெய்தது. அது பெரிய மாற்றந்தான். எனினும் அதன் நோக்கம் குழந்தைக்கு இடம் தேடுவதாகவே இருந்தது. குழந்தைக்காகப் பேசுவதற்கென்றே பொதுமக்களிலிருந்து தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து நியமிக்கும் முறையை, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நீதிபதி டேவிட் சூக்கப் 1977இல்தான் தொடங்கினார்.

இந்தியாவில் அதற்கு நெருங்கிய ஏற்பாடு, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தோடு வந்தது. மாவட்டந்தோறும் தலைவரும் நான்கு உறுப்பினர்களுமாக இயங்கும் குழந்தைகள் நலக் குழு, குழந்தை, பெற்றோர் ஆகியோரின் இசைவோடு ‘ஆதரவு நபர்’ ஒருவரை அமர்த்தினால், காவல்துறை அதை 24 மணி நேரத்துக்குள் சிறப்பு நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. புலன்விசாரணையிலும் வழக்கு விசாரணையிலும் ஆதரவு நபர் குழந்தைக்குத் துணைநிற்கிறார். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூட்டில் நிற்கும் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும் என்பது போன்ற பாதுகாப்புகளை வாய்தா நாளுக்கு முன்பே அவர் விளக்கிவைத்தால், குழந்தையின் பாதி அச்சம் நீங்கும். ஆனால் இந்த விதி போக்சோ வழக்குகளுக்கு மட்டுமே உரியது. அடி, பட்டினி, கைவிடப்படுதல் ஆகியவற்றால் அதே குழுவின் முன் வந்து நிற்கும் குழந்தை இதன் வரம்புக்குள் வருவதில்லை.