மாலைக்கண்ணும் களனிப் பள்ளத்தாக்கும்

விற்றமின் ஏ குறைபாடு கண்ணில் படிப்படியாகவே தெரியவரும். முதலில் அந்திக்குப் பின் பார்வை மங்கும். பகலெல்லாம் ஓடி விளையாடிய பிள்ளை விளக்கு வைக்கும் நேரத்தில் வாசற்படியில் தடுக்கி விழும். முன்னால் இருக்கும் சோற்றுக் கோப்பையைக் கையால் துழாவும். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரை நிறமி இந்த விற்றமினிலிருந்தே உருவாகிறது. பிறகு வெண்விழி வறண்டு பளபளப்பை இழக்கும். கருவிழியின் வெளிப்பக்கத்தில், நுரை காய்ந்து ஒட்டியது போல ஒரு வெண்திட்டுத் தோன்றும். 1863இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பிட்டோவின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இதுவரை குணப்படுத்தலாம். கருவிழி புண்ணாகி இளகத் தொடங்கினால் சில நாட்களிலேயே கண் போய்விடும்.

மாலைக்கண்ணுக்கு ஆட்டீரல் கொடுப்பது தமிழ் வைத்தியத்தில் பழைய வழக்கம். பண்டைய எகிப்திலும் கிரேக்கத்திலும் ஈரல்தான் மருந்து. உடலில் சேரும் விற்றமின் ஏயின் பெரும்பகுதி ஈரலில் தங்குவதால் அந்தக் கைவைத்தியம் பலித்தது. வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் பின்னர் விற்றமின் ஏ எனப் பெயர் பெற்ற, கொழுப்பில் கரையும் ஒரு சத்து இருப்பதை ஆய்வாளர்கள் மெக்கொலமும் டேவிஸும் அமெரிக்காவில் 1913இல் காட்டினர். சென்னை அரசினர் கண் மருத்துவமனையின் ஆர். ஈ. ரைட், தென்னிந்தியாவில் கண்ட கருவிழி இளகலைப் பற்றி 1922இல் எழுதினார்.

இலங்கையில் இந்தக் குறைபாட்டை ஆராய்ந்தவர்களில் முன்னோடி லூசியஸ் நிக்கல்ஸ். பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமாக மாறிய கொழும்பு நுண்ணுயிரியல் நிறுவனத்தின் பணிப்பாளர் அவர். தேரையின் தோல் போல முழங்கையிலும் தொடையிலும் முள்முள்ளாகத் தடிக்கும் சருமத்தை 1933இல் விவரித்தார். அடுத்த ஆண்டு, அந்தத் தோலையும் வாய்ப்புண்ணையும் அடையாளமாகக் கொண்டு, இலங்கையில் விற்றமின் ஏ குறைபாடு எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுத்து எழுதினார். இரண்டு அடையாளங்களும் அவர் நினைத்த அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல. வாய்ப்புண்ணுக்கு முக்கிய காரணம் பி வகை விற்றமின் குறைவு என்று பின்னர் தெரிந்தது. தேரைத்தோலுக்கும் கொழுப்பமிலக் குறைவு உட்பட வேறு காரணங்கள் கூறப்பட்டன. ஆனாலும் நோய் என்று வராத பிள்ளையிடமும் சத்துக்குறைவைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கே அவரால் வேரூன்றியது என்று சொல்வது மிகையாகாது.

அவர் எழுதிய அதே 1934இல் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவை வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகியது. மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர். காய்ச்சல் இரத்தத்திலுள்ள விற்றமின் ஏயைக் குறைக்கும். ஏற்கெனவே வற்றிய உடலில் அதன் விளைவு கடுமையாகும். நிவாரணத்துக்குப் போன சூரியமல் என்ற இடதுசாரி இயக்கத்தார் நலிந்த மக்களுக்கு மார்மைற்றை உருட்டி வைத்தியர் குளிசை போலக் கொடுத்தார்கள். மார்மைற்றில் இருப்பது பி வகை விற்றமின். கண்ணுக்கு வேண்டியது அதில் இல்லை.

கொழும்பைச் சுற்றிய சதுப்பு நிலங்களில் கங்குன் கீரை செழிக்கும். முருங்கையும் பொன்னாங்காணியும் பப்பாசியும் வேலியோரத்திலேயே கிடைக்கும். இப்படிப்பட்ட நாட்டில் குறைபாடு எப்படி வந்தது? கீரையில் இருப்பது விற்றமின் அல்ல, கரோட்டின். குடலில் அது உறிஞ்சப்படக் கொழுப்பு வேண்டும். 6 பங்கு கரோட்டின் ஒரு பங்கு விற்றமினாகும் என்ற பழைய கணக்கை அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2001இல் 12 பங்காக மாற்றியது. தேங்காய்ப்பூ போட்டு வறை செய்யும் வீட்டில் பெரியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். பால் மறக்கும் பிள்ளைக்கோ வெறும் சோறும் கஞ்சியும்தான் கிடைத்தன. அதில் வயிற்றோட்டமோ சின்னமுத்தோ வந்து சேர்ந்தால் ஈரலில் மிஞ்சிய இருப்பும் கரையும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய பங்கீட்டு அரிசி பசியைத் தணித்தது. அரிசியில் விற்றமின் ஏ கிடையாது.

தீர்வுகள் பல திசைகளிலிருந்து வந்தன. குன்னூர் ஆய்வுக்கூடத்தின் அய்க்ராய்டும் சென்னையின் ரைட்டும் சிவப்புப் பனை எண்ணெயால் கருவிழி இளகலுக்குச் சிகிச்சை செய்து 1937இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2,00,000 அலகு கொடுக்கும் திட்டத்தை இந்தியா 1970இல் தொடங்கியது. இலங்கையில் சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷ மாவு 1973இல் வந்தது. பின்னர் களனிக்கு வடக்கே ஜா-எலயில் அது உற்பத்தியானது. திருச்சி மாவட்டத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லைலா ரஹ்மத்துல்லா குழுவினர் 15,419 பிள்ளைகளிடம் ஆய்வு செய்தார்கள். வாரந்தோறும் சிறு அளவு விற்றமின் பெற்றவர்களிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்ததாக 1990இல் வெளியிட்டார்கள். கண் நோயாக எண்ணப்பட்டது அதோடு உயிர்ப் பிரச்சினையாகவும் ஆனது.

கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1995–96இல் எடுத்த கணக்கில் பிட்டோ திட்டு 1 சதவீதத்துக்கும் குறைவு. இரத்தத்தில் விற்றமின் குறைந்த பிள்ளைகளோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கண்ணைப் பார்த்து அளந்தால் போதாது என்பது அதில் வெளியானது. 2001 முதல் கிளினிக்குகளிலும் பாடசாலைகளிலும் விற்றமின் ஏ பெருமாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள்.