தொகுத்தவர் பெயர்

டோபி காட் என்றால் இன்று மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையம். பெயரோ ரயிலுக்கு வெகு முந்தியது. இப்போது ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாக அடங்கிவிட்ட ஓடையில், இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்துப் பக்கத்துத் திறந்தவெளியில் உலர்த்திய இடம் அது. தமிழர்கள் அதை வண்ணான் தெரு என்றார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில், ஸ்டாம்ஃபோர்டு சாலையில், 1887 அக்டோபரில் ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும் தங்களுக்கென்று கட்டப்பட்ட கட்டடத்தில் திறக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூனில்தான் 'சிங்கைநேசன்' என்ற தமிழ் வார இதழும் தொடங்கியது. அது விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டு.

சிங்கைநேசனை நடத்தியவர் சி. கு. மகுதூம் சாயபு. 1890-இல் இதழ் நின்றுவிட்டது. மூன்றே ஆண்டு வாழ்வுதான், ஆனாலும் அதற்கு ஒரு கொடுப்பினை இருந்தது: இதழின் படிகள் பிழைத்துக்கொண்டன. 1875-இல் வந்த 'சிங்கை வர்த்தமானி' இன்று பெயராக மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

பிழைத்தால் போதுமா? 1888-இல் சிங்கைநேசனில் மகுதூம் சாயபு 'வினோத சம்பாஷணை' என்ற தலைப்பில் உரையாடல் வடிவில் சிலவற்றை எழுதினார். இதழ் நின்று பல பத்தாண்டுகள் கழித்து எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி அந்தப் பழைய பக்கங்களைப் படித்தார். சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் இங்கே இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். அதைச் சிறுகதை என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். உரையாடல் எப்படிக் கதையாகும் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அவர் எடுத்துக் காட்டியதால்தானே அந்தக் கேள்வியே வந்தது?

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்தக் கதையைச் சொன்னால் நண்பர்கள், "இதுக்கெல்லாம் இப்போ ஆள் எதுக்கு, செயலியே எடுத்துக் கொடுத்துடுமே" என்கிறார்கள். எப்படி எடுத்துக் கொடுக்கும் என்று கொஞ்சம் பார்க்கலாம். பரிந்துரை நிரல் பெரும்பாலும் பிறர் விட்டுச்சென்ற தடத்தைத்தான் பார்க்கிறது. யார் எதைச் சொடுக்கினார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், அடுத்து எங்கே போனார்கள் என்பதுதான் அதற்குத் தீனி. யாருமே தொடாத ஒன்று வந்தால் அது திணறும். எங்கள் துறையில் இதைக் 'கோல்ட் ஸ்டார்ட்' சிக்கல் என்போம். பல பத்தாண்டுகள் வாசகரே இல்லாமல் கிடந்த வினோத சம்பாஷணைக்கு என்ன தடம் இருந்திருக்கும்? ஏற்கெனவே படிக்கப்படுவதை இன்னும் பலர் படிக்கச் செய்ய நிரலுக்கு நன்றாகத் தெரியும். யாரும் படிக்காததைப் படித்துப் பார்த்து, "இது முக்கியம், நில்லுங்க" என்று சொல்ல ஒரு பிடிவாதக்கார ஆள் வேண்டியிருக்கிறது.

அதே கோவிந்தசாமி கணினிப் பக்கமும் வந்தார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயுடன் சேர்ந்து தமிழை இணையத்தில் ஏற்றும் வேலையில் இறங்கினார். யுனிகோட் தமிழ் நம் கணினிகளில் பரவாத காலம். 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ் இணையத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் பலரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்தத் தளத்தில் இருந்தது என்ன தெரியுமா? சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளின் தொகைநூல்! 1984 முதல் 1995 வரை எழுதப்பட்டவற்றிலிருந்து சிலர் உட்கார்ந்து படித்து, இதை வை, அதை விடு என்று முடிவெடுத்த நூல். தமிழ் இணையத்துக்குள் நுழைந்ததே ஒரு தேர்வின் வழியாகத்தான்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2015-இல், அருண் மகிழ்நன் தலைமையிலான தமிழ் மின்மரபுடைமைக் குழு, தேசிய நூலக வாரியத்துடன் சேர்ந்து, நாடு விடுதலை பெற்றபின் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350-ஐ மின்வடிவமாக்கியது. நூல்களைத் தேடிப் பிடித்து, எழுத்தாளர்களிடம் அனுமதி வாங்கி, சரிபார்த்து ஏற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. இது திரட்டும் வேலை. இங்கே எதையும் விட்டுவிடாமல் இருப்பதுதான் அறம். தொகைநூல் செய்வது விட்டுவிடும் வேலை. நமக்கு இரண்டும் வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று எண்ணுவதில்தான் சிக்கல்.

தேர்வு செய்கிறவருக்குச் சாய்வு இருக்காதா? கட்டாயம் இருக்கும். நண்பர் கதை உள்ளே வரும், வேண்டாதவர் கதை வெளியே நிற்கும். பெண்களும் புதியவர்களும் விடுபடுவார்கள். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களும் எதையோ விட்டுத்தான் இருப்பார்கள், விட்டது என்ன என்று அறிய இன்று வழியில்லை. ஆனால் நிரலும் சாய்வு இல்லாதது அல்ல. இரண்டுக்கும் ஒரே ஒரு வேறுபாடு: தொகைநூலின் அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கிறது. கோவிந்தசாமியோடு நான் சண்டை போடலாம், இவர் ஏன் இதை முதல் கதை என்றார் என்று மறுத்து எழுதலாம். என் கைப்பேசியில் இன்று காலை முதலாவதாக வந்த கதையைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

அந்த 350 நூல்கள் இப்போது இணையத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்து, பத்தைத் தேர்ந்து, ஏன் இந்தப் பத்து என்று நாலு பக்கம் எழுதி, கீழே பெயரும் போட்டு, வருகிற திட்டையும் வாங்கிக்கொள்ள என் தலைமுறையில் யார் வரப்போகிறோம்?