மரப்புலியும் நூலகமும்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே ஷஹீதானார். அவரது அரண்மனைப் பொருள்களை வென்ற படையினர் பங்கிட்டுக்கொண்டனர். அவற்றுள் இரண்டை மட்டும் இங்கு நோக்குவோம்.

ஒன்று, ஐரோப்பியன் ஒருவனை வீழ்த்திக் கவ்வும் மரப்புலி. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும். மனிதன் ஓலமிட்டுக் கையசைப்பான். கிழக்கிந்தியக் கம்பெனி 1808-இல் லண்டனிலுள்ள தன் தலைமையகத்தில் அதைக் காட்சிக்கு வைத்தது. கொடுங்கோலனை ஒழித்தோம் எனத் தன் நாட்டாருக்கு உணர்த்த அப்பொறி அதற்கு உதவியது. இன்று அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மற்றொன்று, ஏறத்தாழ 2000 நூல்கள் கொண்ட நூலகம். குர்ஆன் பிரதிகள், ஹதீஸ், ஃபிக்ஹ், தஸவ்வுஃப், வரலாறு, மருத்துவம் என அரபியிலும் பார்சியிலும் அமைந்த கையெழுத்துப் பிரதிகள் அதில் இருந்தன. சார்லஸ் ஸ்டூவர்ட் என்பார் 1809-இல் அதற்கு விளக்கப் பட்டியல் வெளியிட்டார். அந்நூல்களில் பலவும் பின்னர் லண்டன் சென்றடைந்தன.

புலியும் திப்புவுடையதே; அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் புலியைக் கண்டவர் பல்லாயிரவர். நூல்களைக் கண்டவரோ ஆய்வாளர் சிலரே. எனவே திப்புவின் ஒரு பாதியே உலகின் நினைவில் தங்கியது.

அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது மூன்று வினாக்களைக் கற்றுக்கொடுப்போம்: இதைச் செய்தவர் யார்? எடுத்து வந்தவர் யார்? இதனருகே வைக்கப்படாதது எது? செய்தியைத் தீர விசாரித்து ஏற்கப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது. காட்சிப்பொருளும் ஒரு செய்தியே.