மைக்கூட்டிலிருந்து தாம்பரம் வரை

அடுத்தவர் மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்தால் திருட்டா? குதிரையில் போகிறவர் கிளப்பிய புழுதி மேலே படிந்தால் தாக்குதலா? 1837இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவை எழுதிய மெக்காலே குழு, எழுத்துப்படி பார்த்தால் இரண்டும் குற்றமாகிவிடும் என்று கண்டது. அதற்காகவே ஒரு பிரிவைச் சேர்த்தது: சாதாரண அறிவும் சுபாவமும் உள்ள எவரும் முறையிட மாட்டார்கள் என்னும் அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமல்ல. மெக்காலே 1859இல் இறந்தார். மறு ஆண்டு சட்டம் நிறைவேறியது. மைக்கூட்டுப் பிரிவுக்கு 95 என்று எண் விழுந்தது.

நூறு ஆண்டு கழித்து பம்பாயில் வீட்டுக்காரர் தரப்புக்கும் குடித்தனக்காரர் தரப்புக்கும் தகராறு. வீசியெறிந்த ஃபைல் ஒரு பெண்ணின் முழங்கையில் சிராய்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேண்டுமென்றே செய்ததற்கும் 95 பொருந்தும் என்றது 1966 தீர்ப்பு. கூடவே, காயத்தோடு இருதரப்பின் நிலையையும் செய்தவரின் எண்ணத்தையும் பார்த்தே அற்பமா என்று முடிவு செய்ய வேண்டும் என்றது. இந்தப் பிரிவின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது என்பேன்.

2024 ஜூலை 1 முதல், தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், இந்தப் பிரிவின் எண் 33. அவதூறுக் குற்றத்தின் எண் 499இலிருந்து 356க்கு மாறியது. அற்பம் என்று வாதிடும் எதிரிதான் அதைக் காட்டியாக வேண்டும்.

சேலையூரில் ஓர் அடுக்ககம் என்று வைத்துக்கொள்வோம். 'செயலாளருக்குக் கூட்டல் கழித்தலே வராது' என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார். கோபம் வரும், இரண்டு நாளில் ஆறிவிடும். 33 இங்கே பொருந்தும். அதே குழுவில், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைப் பற்றி 'கை சுத்தமில்லை' என்று இரண்டே சொல். பாத்திரம் துலக்கி முடிப்பதற்குள் நாலு வீட்டு வேலை போய்விடும். அவர் அந்தக் குழுவிலேயே இல்லை. பதில் சொல்ல வழியில்லை. அவதூறுக்கு அவரே தாம்பரம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தர வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போகும்.

அங்கே எதிர்த்தரப்பு, "இரண்டு வார்த்தைதானே, ஐயா" என்று 33ஐ எடுத்தால், அந்த அம்மாவின் வக்கீல் வரவழைக்க வேண்டியது கேட்டில் செக்யூரிட்டி வைத்திருக்கும் வருகை நோட்டு. அந்தச் செய்தி வந்த தேதி வரை தினமும் காலையில் அவர் பெயர் இருக்கும். அதற்குப் பிறகு இருக்காது.